ஒரு நொதி, பல நோய்கள்: கடல் முள்ளெலியின் சாட்சியம்

ஜிஎஸ்கே-3 சும்மா இருக்கும் செல்லிலும் ஓயாமல் வேலை பார்க்கும் கைனேஸ், அதாவது புரதங்களில் பாஸ்பேட் பொட்டு வைக்கும் நொதி. இன்சுலின் போன்ற சமிக்ஞைகள் வந்துதான் அதை அடக்குகின்றன. இதைச் சென்ற வாரமே பார்த்துவிட்டோம், மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளலாம். இந்த வாரம் அல்சைமர் என்று பேச்சு. ஆனால் இருதுருவ மனநோய்க்குத் தரும் லித்தியம் இந்த நொதியைத்தான் தொடுகிறது என்று நிறுவாமல் அங்கே போனால், அடுத்துச் சொல்லப்போவது எதற்கும் கால் இருக்காது. நிறுவுவதற்கான முதல் சாட்சி எந்த மனநல மருத்துவமனையிலிருந்தும் வரவில்லை, கடலிலிருந்து வந்தது. அதனால் அல்சைமர் கொஞ்சம் காத்திருக்கட்டும்.

1892-ல் குர்ட் ஹெர்ப்ஸ்ட் என்ற ஜெர்மானிய உயிரியலாளர் கடல் முள்ளெலிக் கருக்களை லித்தியம் உப்பு கலந்த கடல்நீரில் வளர்த்தார். இயல்பாக இந்தக் கரு உள்ளீடற்ற உருண்டையாக இருந்து, ஒரு பக்கம் உள்வாங்கிக் குடலாகும். லித்தியத்தில் வளர்ந்தவற்றில் குடல் வெளியே பிதுங்கி நின்றது. மேல்தோலாக வேண்டிய செல்கள்கூடக் குடலின் பக்கம் சாய்ந்துவிட்டன. ஏன் என்று அன்று யாராலும் சொல்ல முடியவில்லை. பின்னர் ஆப்பிரிக்க நகத்தவளையிலும் இதே போன்ற விநோதம் தெரிந்தது: இளங்கருவின் வயிற்றுப்புறச் செல்களில் லித்தியம் புகுந்தால் இரண்டாவது முதுகு அச்சு முளைக்கும், சில சமயம் இரண்டாவது தலையும். மண்ணில் வாழும் டிக்டியோஸ்டீலியம் என்ற அமீபா பட்டினி வந்தால் ஒன்றுகூடித் தண்டும் வித்துமாகப் பிரியக்கூடியது. லித்தியம் கொடுத்தால் வித்தாக வேண்டியவை தண்டின் பக்கம் போகின்றன. 1995-ல் அந்த அமீபாவில் ஜிஎஸ்கே-3 மரபணுவை நீக்கிப் பார்த்தார்கள். வித்து குறைந்தது, தண்டுவகைச் செல்கள் பெருகின. மருந்து கொடுத்தாலும் மரபணுவை நீக்கினாலும் விளைவு ஒரே திசையில் போகிறது. மனம் என்று ஒன்றே இல்லாத உயிரி, மனநோய் மருந்தின் இலக்கைக் காட்டிக்கொடுத்துவிட்டது!

மருத்துவத்துக்குள் லித்தியம் வந்த வழி வேறு. ஆஸ்திரேலிய மனநல மருத்துவர் ஜான் கேட், மனவெழுச்சி நோயாளிகளின் சிறுநீரில் ஏதோ நச்சு இருக்கிறது என்று சந்தேகித்து அதை கினிப்பன்றிகளுக்கு ஊசியாகப் போட்டார். சிறுநீரில் உள்ள யூரிக் அமிலத்தையும் சோதிக்க விரும்பினார், அதைக் கரைக்க லித்தியம் உப்பு தேவைப்பட்டது. அதைப் பெற்ற விலங்குகள் அடங்கிக் கிடந்தன. அந்த அமைதி லேசான நச்சேற்றமாகவே இருக்கலாம் என்று பின்னால் வந்தவர்கள் ஐயப்படுவது நியாயம்தான். 1949-ல் பத்து நோயாளிகளுக்கு லித்தியம் தந்து அவர் வெளியிட்ட கட்டுரை மனநல மருத்துவத்தையே திருப்பியது. அவர் குணப்படுத்திய முதல் நோயாளியே அடுத்த ஆண்டு லித்தியம் நச்சேறி இறந்தார் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

லித்தியம் எதைத் தொடுகிறது என்ற கேள்விக்கு 1980-களில் பலரும் ஏற்ற பதில் இனாசிட்டால் கோட்பாடு. இனாசிட்டால் மோனோபாஸ்படேஸ் என்ற இன்னொரு நொதியை லித்தியம் தடுப்பதால் மூளைச் செல்களில் சமிக்ஞை தணிகிறது என்றது அது. 1996-ல் ஹார்வர்டில் பீட்டர் க்ளைனும் டக்ளஸ் மெல்ட்டனும் எளிய சோதனை ஒன்றைச் செய்தார்கள். அந்த நொதியை லித்தியத்தைவிட வலுவாகத் தடுக்கும் வேறொரு பொருளைத் தவளைக் கருவில் செலுத்தினார்கள். கரு மாறவே இல்லை. ஆகவே கருவைப் புரட்டுவது அந்த வழி அல்ல. அதே ஆய்வில் லித்தியம் ஜிஎஸ்கே-3-ஐத் தடுப்பதைக் காட்டினார்கள். ஹெர்ப்ஸ்டின் புதிருக்கு விடை கிடைக்க நூறாண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது.

தவளைக் கரு வேறு, மனித மூளை வேறு என்பது முதல் ஆட்சேபம். இதில் நியாயம் உண்டு. இனாசிட்டால் வழிக்கு மூளையில் பங்கே இல்லை என்று இந்தச் சோதனை நிரூபிக்கவில்லை. ஆனால் 2004-ல் ஜிஎஸ்கே-3-இன் பீட்டா வகைக்கான இரு மரபணுப் பிரதிகளில் ஒன்றை மட்டும் இழந்த எலிகள், லித்தியம் கொடுத்த எலிகளைப் போலவே நடந்துகொண்டன. இரண்டாவது ஆட்சேபம் அளவைப் பற்றியது. சோதனைக் குழாயில் நொதியைப் பாதியாவது அடக்க லிட்டருக்குச் சுமார் 2 மில்லிமோல் தேவை. நோயாளியின் ரத்தத்தில் வைத்திருப்பதோ 0.6 முதல் 1.0 வரை. இது போதுமா? ஒரு பிரதி போன எலியே இதற்கும் பதில்: முழுதாக அடக்கத் தேவையில்லை. முழுதாக அடங்கினால் ஆபத்து. இரண்டு பிரதிகளையும் இழந்த எலிகள் கல்லீரல் சிதைந்து கருவிலேயே இறக்கின்றன.

இந்தத் தொடரின் வாதம் இந்த இடத்தில்தான் நிற்கிறது. ஏற்கெனவே ஒரு பாஸ்பேட் பொட்டு விழுந்த புரதங்களைத் தேடி அடுத்த பொட்டு வைப்பது இந்த நொதியின் பழக்கம். அப்படி அது தொடும் புரதங்கள் ஏராளம். அவற்றுள் ஒன்று பீட்டா-கேட்டனின். ஜிஎஸ்கே-3 பொட்டு வைத்தால் அது அழியும், வைக்காவிட்டால் செல்லைப் பெருகச் சொல்லும். பெருங்குடல் புற்றுநோய்களில் பெரும்பாலானவற்றில் இந்த அழிப்பு ஏற்பாடுதான் பழுதாகியிருக்கிறது. அப்படியானால் லித்தியம் சாப்பிடுவோருக்குப் புற்றுநோய் கூட வேண்டுமே என்று கேட்கலாம். நோயாளிகளைப் பின்தொடர்ந்த பெரிய ஆய்வுகளில் மொத்தப் புற்றுநோய் கூடவில்லை. பீட்டா-கேட்டனினை அழிக்கும் ஜிஎஸ்கே-3 ஆக்சின் என்ற புரதத்தோடு தனிக் கூட்டமாக ஒட்டிக்கிடக்கிறது என்பதும், தடுப்பு அரைகுறையானது என்பதும் இதற்குக் காரணமாக இருக்கலாம். ஆக, பல வேலை பார்க்கும் நொதியை நோய்க்குக் குற்றவாளியாக்கி முற்றாக முடக்க நினைப்பது தவறான வைத்தியம். லித்தியம் அரைகுறையாக அடக்குவதை அதன் பலவீனமாகப் பார்ப்பவர்கள், அது மருந்தாக நிலைத்ததற்கே அதுதான் காரணம் என்பதைக் கவனிப்பதில்லை.

இதே நொதி மூளையின் டௌ புரதத்தில் என்ன செய்கிறது, அதைத் தடுக்கவென்றே உருவாக்கிய டைடெக்லுசிப் அல்சைமர் சோதனையில் ஏன் பலன் தரவில்லை என்பதெல்லாம் அடுத்த வாரம். அதற்குள் லித்தியம் சாப்பிடும் வாசகர்கள் இதைப் படித்துவிட்டு அளவைத் தாங்களாகக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம். பலனுக்கும் நச்சுக்கும் இடைவெளி மிகக் குறைவு. ரத்த அளவு, சிறுநீரகம், தைராய்டு ஆகிய பரிசோதனைகளை மருத்துவர் சொன்ன தேதியில் செய்துகொள்ளுங்கள்.