கூதிர்காலத்தில் இருவருக்கு ஓர் இரவுணவு

அக்டோபர் பிறந்ததும் இணையக் கடைகள் செயற்கை மேப்பிள் இலைகளையும் பூசணி வடிவ மெழுகுவத்திகளையும் விற்கத் தொடங்கிவிடுகின்றன. இலையுதிர்காலத்தை வீட்டுக்குள் வரவழைத்து, இருவர் மட்டும் அமர்ந்து உண்ணும் விருந்துக்கு அவை அலங்காரமாம். விருந்தில் எனக்கு மறுப்பில்லை. பருவத்தை இரவல் வாங்க வேண்டியதில்லை என்பதே என் கருத்து. எங்கள் மணலி புதுநகரில் வேம்பு இலையுதிர்ப்பது மாசி, பங்குனியில். மேலை நாடுகளில் இலை உதிரும் நாள்களில் இங்கே வடகிழக்குப் பருவமழை பெய்கிறது. ஐப்பசியும் கார்த்திகையும் சேர்ந்த இப்பருவத்துக்குக் கூதிர் என்று தமிழ் மரபு என்றோ பெயரிட்டுவிட்டது.

கூதிர் இப்பகுதியில் இதமானது மட்டுமன்று. பூண்டி நீர்த்தேக்கத்தின் உபரிநீர் கொசஸ்தலை ஆற்றில் திறக்கப்பட்டபோது, 2021 நவம்பரில் மணலி புதுநகரின் தெருக்கள் நீரில் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணெய்க் கழிவு எண்ணூர் கழிமுகம் வரை பரவியது. ஆகவே, இங்கு விருந்துக்குத் திட்டமிடுபவர் முதலில் பார்க்க வேண்டியது வானிலை அறிக்கையைத்தான்.

அடுத்தது விலை. மழைக்காலத்தில் தக்காளியும் முருங்கைக்காயும் விலையேறுவதை எல்லாரும் அறிவர். புயல் எச்சரிக்கை வந்தால் காசிமேட்டுப் படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. மீன் விலையும் உயர்கிறது. சேமித்து வைக்க இயலாத பொருளின் விலைதான் வரத்துக் குறைந்த அன்றே துள்ளும். பரங்கிக்காயும் புளியும் மிளகும் கருவாடும் அப்படியல்ல. எனவே நான் பரிந்துரைக்கும் உணவு இதுதான்: சோறு, நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு, பரங்கிக்காய்ப் பொரியல், மிளகு ரசம். பூசணி வடிவ மெழுகுவத்தியைவிடப் பரங்கிக்காய் மலிவு, உண்ணவும் முடியும்.

பொருள்களின் விலையைவிடப் பெரிய செலவு ஒன்று உண்டு. ஓர் உணவின் உண்மையான விலை, பொருளின் விலையோடு அதற்குச் செலவாகும் நேரத்தின் மதிப்பும் சேர்ந்தது என்று பொருளியல் அறிஞர் கேரி பெக்கர் 1965இல் விளக்கினார். நால்வருக்குச் சமைக்க ஆகும் நேரத்தில் பாதி நேரத்தில் இருவருக்குச் சமைத்துவிட முடியாது. அடுப்பு மூட்டுவதும் புளி கரைப்பதும் பாத்திரம் கழுவுவதும் ஏறத்தாழ அதேயளவு வேலைதான். பிள்ளைகள் வேலைக்காகவும் திருமணமாகியும் வெளியூர் சென்றபின், தலைக்கு ஆகும் சமையல் நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. முதியோர் இல்லங்களில் இரவுணவு இரண்டு பிஸ்கட்டாகவும் பாலாகவும் சுருங்குவதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே கருதுகிறேன்.

அந்த நேரம் யாருடையது? 2019ஆம் ஆண்டு தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார். அவ்வேலையில் ஈடுபடும் ஆண் 97 நிமிடம். அப்படி ஈடுபடும் ஆண்களே 26.1 விழுக்காட்டினர்தாம். மனைவி மாலை முழுதும் அடுப்படியில் நின்று, கணவர் உண்டு முடித்தபின் அமர்ந்தால், எத்தனை விளக்கு ஏற்றினாலும் அது இருவருக்கான விருந்தாகாது.

ஆகவே வேலையை நாள் முழுவதும் பரப்புவதே நல்லது. கருவாட்டுக் குழம்பைக் காலையிலேயே வைத்துவிடலாம். ஊறியபின் அதன் சுவை கூடத்தான் செய்யும். பரங்கிக்காயை ஒருவர் பிற்பகலிலேயே நறுக்கி வைக்கலாம். இரவில் அடுப்பேற வேண்டியவை சோறும் பொரியலும் ரசமும்தாம். எங்கள் வீட்டில் அவ்விரவின் ரசம் என் பொறுப்பு. மிளகு சற்றுத் தூக்கலாக இருக்கும் என்று என் மனைவி சொல்வதுண்டு. மழையில் மின்சாரம் நின்றாலும் கவலையில்லை. கார்த்திகை தீபத்துக்கு வாங்கிய அகல் விளக்குகள் பரணில் இருக்கும். எட்டு மணிக்கு முன்பே இறக்கி, திரி போட்டு வைத்துவிட வேண்டும்.