துணிக்கடையில் நின்ற பையன்

செஞ்சிக் கோட்டையைப் பார்க்க வருகிறவர்கள் ராஜா தேசிங்கின் வீரத்தைக் கேட்டுவிட்டுப் போகிறார்கள். தராசு பிடித்துப் பிழைக்கும் நமக்கு அரண்மனைக் கதையைவிட நெருக்கமான வரலாறு ஒன்று உண்டு. கடையில் வேலைக்கு நின்ற ஒரு பையன் இந்நாட்டின் பிரதமர்களைத் தேர்ந்தெடுப்பதில் முன்நின்ற வரலாறு அது. பெருந்தலைவர் காமராசரை முதலமைச்சராக எல்லோரும் அறிவார்கள். அவர் வளர்ந்ததில் வணிகர்களுக்கு இருந்த பங்கை நாம் மறந்துவிட்டோம்.

விருதுபட்டி என்று அன்று வழங்கிய விருதுநகரில் 1903 ஜூலை 15-ல் பிறந்தார். தகப்பனார் குமாரசாமி தேங்காய் வியாபாரி. பையனுக்கு ஆறு வயதாகும்போது அவர் காலமானார். தாயார் சிவகாமி அம்மாள் காதுத் தோடு தவிர மற்ற நகைகளை விற்று, அந்தப் பணத்தை உள்ளூர் வணிகர் ஒருவரிடம் கொடுத்து வைத்தார். மாதாமாதம் வந்த வட்டியில்தான் வீட்டில் உலை கொதித்தது. ஒரு விதவைத் தாயின் முதலைக் காப்பாற்றி, தவறாமல் வட்டி கொடுத்த அந்த வணிகரின் நாணயத்தை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பிடி அரிசியில் நடந்த பள்ளி

காமராசர் படித்தது சத்திரிய வித்தியாசாலை என்னும் பள்ளியில். அது விருதுநகர் வணிகர்கள் ஏற்படுத்தியது. விற்பனையில் சிறு தொகையை மகமையாக ஒதுக்குவது அவ்வூர் வழக்கம். வீட்டுப் பெண்கள் உலையில் இடும் அரிசியில் தினம் ஒரு பிடி எடுத்துத் தனியே வைப்பார்கள். மகமையும் பிடி அரிசியும் சேர்ந்து பள்ளியை நடத்தின. ஒரு பிடி அரிசியால் எந்த வீட்டிலும் சோறு குறையவில்லை. ஊருக்கோ ஒரு பள்ளி நிலைத்தது.

அப்படிப்பட்ட பள்ளியிலும் அவரால் தொடர்ந்து படிக்க முடியவில்லை. வறுமை காரணமாக ஆறாம் வகுப்போடு நின்று, தாய்மாமன் துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். விடுதலைப் போராட்டம் அவரை இழுத்தது. மனம் மாறட்டும் என்று திருவனந்தபுரத்திலிருந்த இன்னொரு மாமாவின் மரக்கடைக்கு அனுப்பினார்கள். மாறவில்லை. 1930-ல் வேதாரண்யம் உப்புச் சத்தியாக்கிரகத்துக்காகச் சிறை சென்றார். சிறையில் இருந்தபோதே 1941-ல் விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். விடுதலையானதும், முழுமையாகப் பணியாற்ற இயலாத பதவி வேண்டாம் என்று அதை விட்டுவிட்டார்.

1954 ஏப்ரல் 13-ல் சென்னை மாகாண முதலமைச்சரானார். தலைமைப் போட்டியில் தம்மை எதிர்த்து நின்ற சி. சுப்பிரமணியத்தையும், அவர் பெயரை முன்மொழிந்த பக்தவத்சலத்தையும் தம் அமைச்சரவையிலேயே சேர்த்துக்கொண்டார். மொத்தம் எட்டே அமைச்சர்கள். பள்ளி நேரத்தைக் குறைத்த பழைய கல்வித் திட்டம் அவ்வாண்டே கைவிடப்பட்டது. பள்ளியில்லாத ஊர்களில் பள்ளிகள் வந்தன. 1956-ல் மதிய உணவுத் திட்டம் தொடங்கியபோது முதலில் கைகொடுத்தது பொதுமக்களின் நன்கொடை. பிறகு அரசு பெரும்பங்கை ஏற்றது. பிடி அரிசிப் பள்ளியில் படித்தவருக்கு அந்த வழி புதிதல்லவே. அந்த மதிய உணவைத் தட்டேந்தி வாங்கி உண்டு படித்தவர்கள்தாம் நாமும்.

1963 அக்டோபர் 2-ல் கட்சிப் பணிக்காகத் தாமே முதலமைச்சர் பதவியைத் துறந்தார். காங்கிரஸ் தலைவராக இருந்து 1964-ல் லால் பகதூர் சாஸ்திரியும், 1966-ல் இந்திரா காந்தியும் பிரதமராக வழிசெய்தார். 1967-ல் சொந்த ஊரிலேயே தேர்தலில் தோற்றார். 1975 அக்டோபர் 2-ல் மறையும்வரை சென்னையில் வாடகை வீட்டிலேயே வாழ்ந்தார்.

நம் பேரேட்டில் ஒரு பாக்கி

எங்கள் மண்டிக்கு 1980-களின் இறுதியில் பதினொரு வயதுப் பையன் ஒருவன் வேலைக்கு வந்தான். தகப்பன் இல்லை. பேரேட்டைப் புரட்டாமலே யார் யார் எவ்வளவு பாக்கி என்று சொல்லுவான். கெட்டிக்காரன் என்று மகிழ்ந்தோமே தவிர, பள்ளிக்கு அனுப்ப நமக்குத் தோன்றவில்லை. இன்று ஐம்பதை நெருங்கும் அவர் இன்னும் மூட்டைதான் தூக்குகிறார். காலையில் அவர் வணக்கம் சொல்லும்போது தலை குனிவது நாம்தான்.

பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்களை வேலைக்கு வைப்பது இன்று சட்டப்படி குற்றம். சட்டத்துக்குப் பயந்து பையனைத் திருப்பி அனுப்பிவிட்டால் மட்டும் போதாது. அவன் பள்ளிக்குப் போகிறானா என்றும் கேட்க வேண்டும். மூட்டைக்குச் சிறு மகமை ஒதுக்கி, நம் கடைகளில் உழைப்பவர்களின் பிள்ளைகளைப் படிக்க வைக்க அடுத்த கூட்டத்தில் முடிவு செய்வோம். விருதுநகர் வணிகர்கள் பிடி அரிசியில் செய்ததைச் செஞ்சி வணிகர்களும் செய்யலாம். கல்லாவில் அது குறையாகத் தெரியாது.