தரவுத் தளத்திலிருந்து தேசப்படக் கோப்பு

ஒரு மாவட்டத்தின் குடிநீர்க் கிணறுகள் யாவும் தரவுத் தளமொன்றில் பதிவாகியிருப்பதாகக் கொள்வோம். ஊர்ப் பெயர், நீரிலுள்ள புளோரைடின் அளவு, கிணற்றின் தீர்க்கரேகை, அட்சரேகை ஆகியவை அதில் அடங்கும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்ட புளோரைடு கலந்த நீரை நெடுங்காலம் பருகினால் பல்லும் எலும்பும் கேடுறலாம். ராஜஸ்தானத்து நாகௌர் மாவட்டத்தில் இஃது அறிந்த தொல்லையாகும். அத்தகைய கிணறுகளை மட்டும் பிரித்தெடுத்து, தேசப்படமாகக் களப் பணியாளரிடம் சேர்ப்பது எவ்வாறு?

2001-ஆம் ஆண்டில் முதன்முதலாக வெளிவந்த போஸ்ட்ஜிஐஎஸ் என்னும் மென்பொருள், இடங்களைப் பதிந்து தேடும் ஆற்றலைத் தரவுத் தளத்துக்கு அளிக்கிறது. தேடலின் விடையைப் படக்கோப்பாக மாற்றும் சிறு கருவியொன்று அதனுடன் வருகிறது. கருவியின் பெயர், உண்டாக வேண்டிய கோப்பின் பெயர், தரவுத் தளத்தின் பெயர், மேற்கோள் குறிகளுக்குள் தேடல் வாக்கியம் ஆகியவற்றை ஒரே கட்டளை வரியாகத் தட்டெழுத வேண்டும். அவ்வரியைச் சேமித்து வைத்தால், அதே தேடலை மாதந்தோறும் பிழையின்றி நடத்தலாம்.

இவ்வாறு கிடைப்பது ஷேப் கோப்பு எனப்படும். பெயரளவில் ஒன்றாயினும் அது பல கோப்புகளின் தொகுதியாகும். வடிவம், வடிவங்களின் வரிசைக் குறிப்பு, விவரப் பட்டியல் ஆகிய மூன்றும் இன்றியமையாதவை. இவற்றை ஒருசேர அனுப்புதல் வேண்டும்.

கவனிக்க வேண்டியவை மூன்று உள.

முதலாவது, ஆள்கூற்று முறை. புள்ளிகளுடன் அம்முறையின் எண் பதிவாகியிருந்தால்தான் அதனைக் கூறும் நான்காவது கோப்பும் உண்டாகும். உலகப் பொது முறையாகிய டபிள்யூ.ஜி.எஸ். 84-இன் எண் 4326. புள்ளியை அமைக்கையில் தீர்க்கரேகையே முன்னர் வரும். முறை மாறினால், கிழக்கு 73.7 பாகை, வடக்கு 27.2 பாகையிலுள்ள நாகௌர் நகரம் நார்வேக்கு வடக்கேயுள்ள கடலில் போய் விழும்.

இரண்டாவது, பத்தியின் தலைப்பு. ஷேப் கோப்பில் அது 10 எழுத்துக்கு மேற்படலாகாது. ஆங்கிலத்தில் புளோரைடு என்பது 8 எழுத்து. அடிக்கோடும் ஆண்டும் சேர 13 ஆகும். ஆகவே 2023, 2024 ஆகிய இரண்டாண்டுத் தலைப்புகளும் வெட்டுண்டு ஒன்றுபோலாகிவிடும். பழைய அளவைப் புதியதெனக் கொண்டால், கெட்ட கிணறு திறந்தும் நல்ல கிணறு மூடியும் கிடக்கும். தேடல் வாக்கியத்திலேயே குறுகிய பெயர் சூட்டுவது இதற்குப் பரிகாரமாகும்.

மூன்றாவது, எழுத்துக் குறியீடு. யூனிகோடு முறையில் எழுதிய இந்தி ஊர்ப் பெயர்களை வேறு முறையில் திறந்தால் பொருளற்ற குறிகளே தோன்றும்.

2014-இல் வெளியான ஜியோபேக்கேஜ் என்னும் அமைப்பில் யாவும் ஒரே கோப்பில் அடங்கும். 10 எழுத்து வரம்பும் இல்லை. எவ்வமைப்பாயினும், அனுப்புவதற்கு முன் தேடலில் கிடைத்த கிணறுகளின் எண்ணிக்கையையும் படத்திலுள்ள புள்ளிகளின் எண்ணிக்கையையும் ஒப்பிடுக. நேரில் அறிந்த இரண்டொரு கிணறுகள் தத்தம் ஊரிலேயே உள்ளனவா என்றும் காண்க.