என் மகள் பந்து உதைக்கிறாள்!

"அம்மா, கோல் போஸ்டுக்கு வலை வேணும். பழைய கொசுவலை இருக்கா?"

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு சித்திரை மாதச் சாயங்காலம் என் பெண் இப்படிக் கேட்டுக்கொண்டு வந்து நின்றாள். அப்போது அவளுக்குப் பத்து வயசு. அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. "பரண்ல கிடக்கும், எடுத்துக்க" என்று சொன்னதோடு சரி. அந்தக் கொசுவலை எங்கள் வீட்டுக்குள் இத்தனை பஞ்சாயத்தைக் கொண்டுவரும் என்று யார் கண்டது!

எங்கள் ஊர் தஞ்சாவூர் ஜில்லாவில், வெண்ணாற்றங்கரையில் இருக்கிறது. பொன் விளையும் பூமி. அதனாலேயே பிள்ளைகள் ஓடி விளையாட ஒரு சாண் நிலம் மிச்சமில்லை! தை, மாசியில் சம்பா அறுப்பு. அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாலேயே, நிற்கிற கதிருக்குள் அந்த ஈரத்தில் உளுந்தும் பயறும் தெளித்துவிடுவோம். அதையும் பிடுங்கி எடுத்த பிறகு சித்திரை, வைகாசி இரண்டு மாதம்தான் வயல் சும்மா கிடக்கும். வழக்கமாக ஜூன் 12-ஆம் தேதி மேட்டூரைத் திறப்பார்கள். கல்லணையைத் தாண்டித் தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வந்துவிட்டால் குறுவைக்கு உழவு. மூங்கில் கோல் போஸ்டைப் பிடுங்கிக்கொண்டு கோயில் திடலுக்கு நடக்க வேண்டியதுதான். அங்கே பாதி இடத்தில் ஆடு மாடு கட்டியிருக்கும்.

அந்த இரண்டு மாத வயலில்தான் எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் கால்பந்துக் குழு பிறந்தது. ஆரம்பித்தவர் ரிட்டயரான டிரில் மாஸ்டர் ஒருவர். அதிராம்பட்டினம் பக்கம் பல வருஷம் வேலை பார்த்தவர். அங்கே கால்பந்துப் போட்டி என்றால் ஊரே திரண்டு நிற்குமாம். அந்தப் பைத்தியத்தைப் பென்ஷனோடு சேர்த்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்! முதலில் பையன்கள் மட்டும் ஆடினார்கள். வரப்பில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்த பெண் குழந்தைகளைப் பார்த்து, "என்ன பாப்பா, உக்காந்தே இருந்தா கால் மரத்துப் போயிடாதா?" என்று கேட்டாராம். அவ்வளவுதான். என் பெண்ணோடு சேர்த்துப் பதினோரு பெண் குழந்தைகள் இறங்கிவிட்டார்கள்.

மாஸ்டரிடம் எனக்குப் பிடித்தது அவருடைய கண்டிப்பு. சாயங்காலம் ஐந்தரைக்கு முன்னால் ஒரு பிள்ளையும் வயலில் கால் வைக்கக் கூடாது. அக்னி நட்சத்திரத்தில் அதுவும் கிடையாது, ஆறு மணிக்குத்தான். சின்னதுகளுக்கு வேறு பந்து வேண்டும் என்று எங்களிடம் வந்து பணம் கேட்டார். பந்தில் சின்னது பெரிசு உண்டா என்று சிரித்தோம். உண்டு! பெரியவர்கள் ஆடுவது 5-ஆம் நம்பர் பந்து. 410 முதல் 450 கிராம் எடை. எட்டு வயசிலிருந்து பன்னிரண்டு வயசு வரை 4-ஆம் நம்பர் போதும். அதற்கும் சின்னவர்களுக்கு 3. குழந்தை ஆசைப்படுகிறதே என்று கடையில் பெரிய பந்தாகப் பார்த்து வாங்காதீர்கள். பிஞ்சுக் கால் அல்லவா? பத்து வயசு வரை தலையால் முட்டவும் விடமாட்டார். அமெரிக்காவில் 2015-ல் குழந்தைகளுக்கு இதை விதியாகவே கொண்டுவந்திருக்கிறார்கள்.

இப்படி இரண்டு வருஷம் ஓடிற்று. போன வருஷம் ஆவணியில் என் பெண் பெரியவளானாள்.

பதினாறாம் நாள் தண்ணீர் ஊற்றி, மாமன் சீர் வந்து, பட்டுப் பாவாடை கட்டி எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. பந்தல் பிரிப்பதற்குள் என் மாமியார் ஆரம்பித்துவிட்டார். "போதும் ஆடுனது. இனிமே டவுசர் போட்டுக்கிட்டுத் திடலுக்குப் போனா நாலு பேரு நம்மளைத்தான் கேப்பாங்க."

பழியை மாமியார் மேல் போட்டுவிடுவது சுலபம். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கும் 'அப்பாடா' என்றுதான் இருந்தது. கொஞ்ச நாளாகவே ஆடிவிட்டு வந்தால் மூச்சு வாங்கும். கால் வலி, கால் வலி என்று படுத்துவிடுவாள். முகம் வெளுத்துக் கிடக்கும். பந்துதான் பிள்ளையைத் தின்கிறது என்று நினைத்துவிட்டேன்.

அவள் சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. ஒன்றும் பேசவில்லை. பந்தை நெல் குதிருக்குப் பின்னால் தள்ளிவிட்டுப் புஸ்தகத்தை எடுத்துக்கொண்டாள். மூன்று வாரம் இப்படிப் போயிற்று. ஒரு நாள் தலை பின்னிவிடும்போது கேட்டேன். "அப்பாயி சொன்னதுல கோவமா?"

"இல்லம்மா. அப்பாயி சொல்லலேன்னாலும் நான் போயிருக்க மாட்டேன்" என்றாள். அப்புறம் மெதுவாக, "வெள்ளை டவுசர்மா" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. குழுவுக்கு மாஸ்டர் எடுத்துக் கொடுத்தது வெள்ளைக் கால்சட்டை! அந்த நாட்களில் அதைப் போட்டுக்கொண்டு பத்துப் பேர் முன்னால் எந்தப் பெண் ஓடுவாள்? இவளுக்கு முன்னால் பெரிய பெண்கள் இரண்டு பேர் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். ஒருத்தி முட்டி வலி என்றாள், இன்னொருத்தி பரீட்சை என்றாள். காரணம் இதுதான். ஆண்பிள்ளை, பாவம், அவருக்கு எப்படித் தெரியும்? நாங்கள் அம்மாக்கள் வாயைத் திறந்து சொன்னோமா?

மறுநாள் மாஸ்டர் வீட்டுக்குப் போய் அவர் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். உள்ளே கேட்டுக்கொண்டிருந்தவர் வாசலுக்கு வந்து, "தப்பு என்னுதும்மா" என்றார். அந்த வாரமே கருநீலத் துணி வந்துவிட்டது. இதில் ஒரு வேடிக்கை. இங்கிலாந்து தேசத்துப் பெண்கள் அணியும் வெள்ளைக் கால்சட்டையை விட்டு நீலத்துக்கு மாறியது 2023-ல்தான். அவர்களுக்கும் இதே சங்கடம்தான்!

கால்சட்டை விவகாரம் தீர்ந்தது. மூச்சு வாங்குவது? ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனேன். அங்கே இருந்த லேடி டாக்டர் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார். ஹீமோகுளோபின் 9.8! இந்த வயசுப் பெண்ணுக்கு 12-ஆவது இருக்க வேண்டும். "பந்து மேல ஏன் பழி போடுறீங்க? ரத்தம் இல்லாத பிள்ளை மாடிப்படி ஏறினாலும் மூச்சு வாங்கத்தானே செய்யும்" என்றார்.

அப்புறம் அவர் கேட்ட கேள்விதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. "வெறுங்கால்லதான் ஆடுறாளா?"

வெறுங்கால்தான். வயலில் யார் செருப்போடு ஆடுவார்கள்? கொக்கிப் புழு என்று ஒன்று இருக்கிறது, சகோதரிகளே. மலம் கழித்த ஈர மண்ணில் அதன் குஞ்சுகள் இருக்கும். வெறுங்காலோடு மிதித்தால் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய், கடைசியில் குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும். நாம் என்னதான் ஊட்டி வளர்த்தாலும் பாதி அதற்குப் போய்விடும். வருஷத்தில் இரண்டு முறை பள்ளிக்கூடத்தில் குடற்புழு மாத்திரை கொடுக்கிறார்கள். தவறாமல் சாப்பிடுகிறார்களா என்று நாம்தான் கவனிக்க வேண்டும். வாரா வாரம் தரும் இரும்புச் சத்து மாத்திரையை என் பெண் என்ன செய்திருக்கிறாள் தெரியுமா? குமட்டுகிறது என்று ஜன்னல் வழியாக எறிந்திருக்கிறாள்! வெறும் வயிற்றில் போட்டால் குமட்டத்தான் செய்யும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் தொந்தரவில்லை. மலம் கறுத்துப் போனால் பயப்பட வேண்டாம், மாத்திரையின் நிறம்தான் அது.

டாக்டர் கொடுத்த மாத்திரையோடு வீட்டிலும் சில மாறுதல் செய்தேன். வாரம் மூன்று நாள் முருங்கைக்கீரை. சாயங்காலம் பிஸ்கட்டுக்குப் பதில் எள்ளுருண்டை. கீரை சாப்பிடும் அன்று கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ உண்டு. புளிப்பு சேர்ந்தால்தான் இரும்பு நன்றாக உடம்பில் ஒட்டும். சாப்பிட்ட கையோடு டீ குடிப்பதை நிறுத்தினேன். டீ அந்தச் சத்தை உறிஞ்ச விடாதாம். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் 11.9. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயசுக்குள் இருக்கும் பெண்களில் பாதிக்கு மேல் ரத்த சோகை என்று 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது. அதில் நானும் ஒருத்தி! அன்றைக்கே எனக்கும் பார்த்தேன், 10.1.

"அந்த நாள்ல ஆடலாமா டாக்டர்?" என்றும் கேட்டுவிட்டேன். "தாராளமா. முடிஞ்சா ஆடட்டும், முடியலேன்னா உக்காரட்டும். அவ உடம்பு, அவளுக்குத் தெரியும்" என்றார். நாப்கினை நாலு முதல் ஆறு மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டும். துணி என்றால் நல்ல வெயிலில் காய வேண்டும். ஏழு நாளுக்கு மேல் போனாலோ, வலியில் பள்ளிக்கூடம் போக முடியாமல் சுருண்டாலோ டாக்டரிடம் காட்ட வேண்டும். இப்போது திடலை ஒட்டிய வீட்டு அம்மாள் பின்கட்டைத் திறந்து விடுகிறார், பிள்ளைகள் மாற்றிக்கொள்ள.

இனி மாமியார் பாக்கி!

மாஸ்டர் ஒரு நாள் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து கடலூர்க் கதையைச் சொன்னார். 2004 டிசம்பர் 26 சுனாமி எங்கள் பக்கத்து நாகப்பட்டினத்தில் மட்டும் ஆறாயிரம் பேரைக் கொண்டுபோயிற்று. கடலூரிலும் பல குழந்தைகள் அனாதைகளானார்கள். அங்கே அரசு இல்லத்தில் இருந்த பெண் குழந்தைகளுக்கு மாரியப்பன் என்ற பயிற்சியாளர் பந்தைக் கொடுத்து ஆடச் சொன்னார். இந்திரா காந்தி விளையாட்டு, கல்வி அகாடமியில் அவரிடம் பழகிய கடலூர்ப் பெண்கள் தமிழ்நாட்டுக்கு ஆடினார்கள். அந்தக் கடலூரிலிருந்து வந்தவர்தான் இந்துமதி கதிரேசன். 2018 பிப்ரவரியில் கட்டக்கில் நடந்த தேசியப் போட்டியில், பல தடவை கோப்பை வாங்கியிருந்த மணிப்பூரைத் தமிழ்நாட்டுப் பெண்கள் 2-1 என்று தோற்கடித்த அணியில் அவரும் உண்டு. 2023-ல் அமிர்தசரஸில் ஹரியானாவை வென்று மறுபடியும் கோப்பை வாங்கினார்கள்.

கேட்டுக்கொண்டிருந்த எனக்கு நெஞ்சை என்னவோ செய்தது. தாய் தகப்பன் இல்லாத குழந்தைகளை 'ஆடாதே' என்று சொல்ல ஆள் இல்லை. எல்லாம் இருக்கிற பிள்ளைகளை நாமே உட்கார வைக்கிறோம்.

என் மாமியாருக்கு அதெல்லாம் காதில் விழுந்ததோ இல்லையோ, "அந்தப் பொண்ணு இப்ப என்ன பண்ணுது?" என்றார்.

"போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர் ஆச்சு, ஆயா. கொரோனா சமயத்துல மெட்ராஸ் ரோட்டுல டூட்டி பார்த்துச்சு. இந்தியாவுக்கும் ஆடியிருக்கு."

"எஸ்.ஐ.யா!" மாமியார் வெற்றிலைப் பெட்டியை மூடிவிட்டார். "அப்ப பந்து ஆடுனா சர்க்கார் உத்தியோகம் குடுப்பாங்களா?"

விளையாட்டு வீரர்களுக்கு அரசு வேலையில் 3 சதவீத ஒதுக்கீடு உண்டு என்பது வாஸ்தவம். ஆனால் திடலில் ஓடுகிற எல்லாருக்கும் அது கிடைக்காது. அதை நம்பிப் பிள்ளையை அனுப்பினால் ஏமாற்றம்தான். அன்றைக்கு மட்டும் நான் வாயைத் திறக்கவில்லை. சமயோசிதம்!

மாமியாரையும் குற்றம் சொல்ல முடியாது. வெள்ளைக்காரன் தேசத்திலேயே என்ன நடந்தது? 1920 டிசம்பர் 26-ல் லிவர்பூலில் பெண்கள் ஆடிய ஆட்டத்தைப் பார்க்க 53,000 பேர் வந்தார்களாம். மறுவருஷமே, இந்த ஆட்டம் பெண்களுக்கு ஆகாது என்று அவர்கள் சங்கம் தன் மைதானங்களில் பெண்கள் ஆடக் கூடாது என்று தடை போட்டுவிட்டது. அந்தத் தடை விலக ஐம்பது வருஷம் ஆயிற்று! எங்கள் வீட்டில் மூன்று வாரம்தான்.

குழுவின் புதுச் சேதியையும் சொல்லிவிடுகிறேன். இந்த வருஷம் எங்கள் பெண்கள் முதல் தடவையாகத் தஞ்சாவூர் அன்னை சத்யா விளையாட்டு அரங்கில் போய் ஆடினார்கள். நான்கு அம்மாக்கள் துணைக்குப் போனோம். புல் தரையைக் கண்டதும் பாதிப் பேர் ஷூவைக் கழற்றிவிட்டுக் காலால் தடவிப் பார்த்தார்கள். ஆட்டத்தில் 4-0 என்று தோற்றோம்! எதிர்ப்பக்கத்துப் பிள்ளைகள் நல்ல ஷூ, நல்ல பழக்கம். எங்களுடையது கடன் ஷூ. இரண்டு பேருக்குப் பெரிசாக இருந்ததால் முன்னால் துணி அடைத்திருந்தது. என் பெண் கடைசி வரை நிற்காமல் ஓடினாள். போன வருஷம் பத்து நிமிஷத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றவள். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒன்றுகூட அழவில்லை, சம்சாவுக்குத்தான் சண்டை.

வீட்டுக்கு வந்ததும் அப்பாயி கேட்ட முதல் கேள்வி, "எத்தனை கோலு?"

"நாலு."

"அப்படிப் போடு!"

யார் போட்டது என்று அவரும் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை.

கொசுவலை கிழிந்துவிட்டது. திண்ணையில் மாமியார்தான் நூல் கோத்துத் தைத்துக்கொண்டிருக்கிறார். வருகிற சனிக்கிழமை மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு குழு எங்கள் திடலுக்கு ஆட வருகிறது. எலுமிச்சை, உப்பு, வெல்லம் எல்லாம் வாங்கியாயிற்று. வழக்கமாக மாடு கட்டுகிறவர்களிடம் அன்றைக்கு மட்டும் வேறு இடத்தில் கட்டச் சொல்லி மாஸ்டர் கெஞ்சிக்கொண்டிருக்கிறார். சாறு பிழிய இன்னும் இரண்டு பேர்தான் வேண்டும்.