காலுக்கு எத்தனை கிலோ?

ஹைதராபாத் லாலாகுடாவிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். சக்கர நாற்காலியில் இருந்தவர் காலில் எந்திரத்தை மாட்டிக்கொண்டு எழுந்து நடக்கிற வீடியோ ஒன்று அவர் கைப்பேசிக்கு வந்ததாம். தண்டுவடத்தில் அடிபட்ட தன் தம்பிக்கு அதை வாங்கிக் கொடுத்தால் நடப்பானா என்று கேட்கிறார்.

வீடியோ பொய்யில்லை, அம்மா. ஆனால் அதில் நடந்தவரின் கைகளைப் பாருங்கள். இரண்டிலும் ஊன்றுகோல் இருக்கும். ‘எக்ஸோஸ்கெலிட்டன்’ எனப்படும் இந்த மாட்டிக்கொள்ளும் எந்திரங்களில் பெரும்பாலானவை இடுப்பையும் முழங்காலையும் மோட்டாரால் மடக்கி நீட்டும், அவ்வளவுதான். சாயாமல், விழாமல் பார்த்துக்கொள்வது கைகளின் பொறுப்பு. ரீவாக் என்ற கருவியை உருவாக்கிய இஸ்ரேல்காரர் அமித் கோஃபருக்கு 1997இல் நடந்த விபத்தில் கை கால் இரண்டுமே செயலிழந்தன. அவர் உருவாக்கிய கருவி 2014இல் அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்கு அனுமதி பெற்றது. ஊன்றுகோலைப் பிடிக்கக் கைகள் ஒத்துழைக்காததால் அவரால் அதை அணிய முடியவில்லை.

ஆகவே தம்பியின் கைகளில் பலம் இருக்கிறதா என்பது முதல் கேள்வி. மூட்டுகள் இறுகிப்போயிருக்கின்றனவா, நாள்பட்ட படுக்கையால் எலும்பு பலம் இழந்திருக்கிறதா, படுக்கைப் புண் உண்டா, நிமிர்த்தி நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிகிறதா என்பதையெல்லாம் மருத்துவரும் பிசியோதெரபிஸ்ட்டும் பார்த்துச் சொன்ன பிறகுதான் எந்திரத்தின் பேச்சே.

கால் அசையாதவரை நடக்க வைப்பது ஒரு வேலை. நடக்கத் தெரிந்தவரின் களைப்பைக் குறைப்பது இன்னொரு வேலை. எனக்கு இரண்டாவதில்தான் மோகம், ஏனென்றால் அது அசாத்தியமான பிடிவாதம் பிடித்தது. 1960களில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி ‘ஹார்டிமேன்’ என்ற ராட்சதக் கவசத்தைச் செய்யத் தொடங்கியது. எடை சுமார் 680 கிலோ. ஒரு கையை ஒழுங்காக இயக்கவே படாத பாடு பட்டு, அதோடு கைவிட்டார்கள். பின்னால் வந்தவை எவ்வளவோ இளைத்தும், போட்டுக்கொண்டு நடந்தவர்கள் போடாமல் நடந்ததைவிட அதிகமாகவே களைத்தார்கள். மோட்டார் தந்த உதவியைக் கருவியின் எடை விழுங்கிவிட்டது.

களைப்பு என்று வாயால் சொன்னால் ஆய்வுக்கூடத்தில் செல்லாது. ஆளை டிரெட்மில்லில் நடக்க விட்டு, மூக்கையும் வாயையும் முகமூடியால் மூடி, எவ்வளவு ஆக்சிஜன் எடுக்கிறார், எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு விடுகிறார் என்று அளப்பார்கள். உடல் எரிக்கும் சக்தியின் கணக்கு அதில் வந்துவிடும். கருவி இல்லாமல் ஒரு முறை, கருவியோடு ஒரு முறை. அதுவும் பழகிய பிறகு. புதிதாக மாட்டியவர் எந்திரத்தோடு மல்லுக்கட்டுவார்.

இந்தச் சோதனையில் 2015இல் ஜெயித்த ஒன்றில் மோட்டாரும் இல்லை, பேட்டரியும் இல்லை. ஸ்டீவன் காலின்ஸும் கிரிகரி சாவிக்கியும் அவர்கள் கூட்டாளியும் ‘நேச்சர்’ இதழில் எழுதிய கருவி அது. ஒரு காலுக்கு ஏறக்குறைய அரைக் கிலோ. கெண்டைக்காலின் பின்னால் ஒரு ஸ்பிரிங், அதோடு ஒரு கிளட்ச். பாதம் தரையில் பதிந்ததும் கிளட்ச் பிடித்துக்கொள்ளும். உடம்பு பாதத்தைத் தாண்டி முன்னே போகப் போக ஸ்பிரிங் இழுபடும். குதிகால் எழும்பும்போது சேர்த்துவைத்ததைத் திருப்பிக் கொடுக்கும். கால் காற்றில் வீசும்போது கிளட்ச் விட்டுவிடும், பாதம் சுதந்திரமாக மடங்கும். நல்ல ஆரோக்கியமான ஒன்பது பேரை நடக்க வைத்ததில் சக்திச் செலவு 7 சதவீதம் குறைந்தது.

வெளியிலிருந்து சக்தியே கொடுக்காமல் எப்படிக் குறையும்? கெண்டைக்கால் தசை, குதிகால் தசைநாணைப் பிடித்தபடி நீளம் மாறாமல் நிற்கிற கணங்கள் ஒவ்வொரு அடியிலும் உண்டு. நகராவிட்டாலும், பிடித்துக்கொண்டிருப்பதற்கே தசை எரிபொருள் செலவழிக்கிறது. தண்ணீர் நிறைந்த குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சும்மா நின்று பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்தப் பிடிப்பு வேலையில் ஒரு பங்கை ஸ்பிரிங் வாங்கிக்கொள்கிறது. ஸ்பிரிங்குக்குப் பசி கிடையாது.

விசேஷம் இனிமேல்தான். ஸ்பிரிங் மிகவும் தளர்வாக இருந்தால் பெரிய பயனில்லை. விறைப்பாக இருந்தாலும் கிடைத்த லாபம் கரைந்துவிடுகிறது. நடுவில் ஒரு விறைப்பில் மட்டும் உடம்பு அதை ஏற்றுக்கொள்கிறது. லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்காரர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. பழுதுபார்க்க வரும் பெட்டிகளின் ஸ்பிரிங்குகளைப் பாரம் ஏற்றிச் சோதித்து, ஒரே உயரத்துக்கு அமுங்குகிறவற்றை ஜோடி சேர்த்துத்தான் ஒரு போகியில் போடுவார்கள்.

எடையைக் குறைப்பதில் ஹைதராபாத்துக்கே சொந்தக் கதை உண்டு. அப்துல் கலாம் இங்கே ஏவுகணை ஆய்வுக்கூடத்தில் இருந்தபோது, நிம்ஸ் மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் ஒருவர் அங்கிருந்த எடை குறைந்த பொருளைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, அவரை வார்டுக்கு அழைத்துப் போனார். மூன்று கிலோவுக்கு மேல் எடையுள்ள இரும்புக் காலிப்பர்களை இழுத்துக்கொண்டு குழந்தைகள் நடந்துகொண்டிருந்தார்கள். அவற்றின் இடத்தில் 300 கிராம் காலிப்பர் வந்தது. கலாமே பல மேடைகளில் சொன்னது இது. அதைக் கேட்டுக் கைதட்டும் நாம், குழந்தை வளர வளரக் காலிப்பரும் மாற வேண்டும் என்பதையும், அதை அளவெடுத்துச் செய்யத் தெரிந்தவர்கள் எல்லா ஊரிலும் வேண்டும் என்பதையும் யோசிப்பதில்லை. 2022இல் இதே ஊரின் ஸ்வாயா ரோபாட்டிக்ஸ், ராணுவ ஆய்வு நிறுவனத்தோடு சேர்ந்து செய்த எக்ஸோஸ்கெலிட்டனைக் காட்டியபோதும் செய்தி பளிச்சென்று வந்தது. இப்படிச் செய்திகள் வரும் நாட்டில், கம்பெனி எந்திரம் செய்வதைவிட நகராட்சி ஒரு நடைபாதையைச் சமமாகப் போடுவது ஏன் கடினமாக இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. வீட்டு வாசல் படியும் திறந்த சாக்கடையும் எந்த மோட்டாருக்கும் மசியாது.

விலையையும் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டில் எக்ஸோஸ்கெலிட்டன்கள் ஒரு லட்சம் டாலர் வரை போகின்றன. அதைவிட முக்கியமான விஷயம் 2024இல் அமெரிக்காவில் நடந்தது. முன்னாள் குதிரைப் பந்தய வீரர் ஒருவர் தன் எக்ஸோஸ்கெலிட்டனில் லட்சக்கணக்கான அடிகள் நடந்திருந்தார். கருவியை இயக்கும் கைக்கடிகாரத்தில் ஒரு சின்னப் பழுது. கருவிக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது, சரிசெய்ய மாட்டோம் என்றது நிறுவனம். ஊடகங்களில் விஷயம் பெரிதான பிறகே பழுது நீங்கியது. அதனால் கடைக்காரர் வந்தால் மோட்டாரின் பெருமையைக் கேட்பதற்கு முன், எத்தனை ஆண்டு பழுது பார்ப்பீர்கள், பேட்டரி என்ன விலை, பழுது பார்க்கும் ஆள் ஹைதராபாத்திலேயே இருக்கிறாரா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.