‘பஹாலா நா’ – விதியா, விசுவாசமா?

கொந்தளிக்கும் கடலில் படகைத் தள்ளும் மீனவன், தேர்வு மண்டபத்துள் நுழையும் மாணவன், அயல்நாட்டு வேலைக்குப் புறப்படுமுன் உறங்கும் குழந்தையை முத்தமிடும் தாய் – பிலிப்பைன் தீவுகளில் இம்மூவர் நாவிலும் எழக்கூடிய சொல் ஒன்று உண்டு. ‘பஹாலா நா’ என்பதே அது. ‘வருவது வரட்டும்’ என்று அதற்குப் பொருள் கூறலாம். ‘இறைவன் பார்த்துக்கொள்வார்’ என்றும் கூறலாம். முன்னது விதியின் குரல். பின்னது விசுவாசத்தின் குரல். ஏறக்குறைய ஐந்தில் நால்வர் கத்தோலிக்கராக உள்ள ஒரு நாட்டில், ஒரே சொல் இவ்விரு குரலிலும் ஒலிப்பது நம் சிந்தனைக்குரியது.

அந்நாட்டின் தேசிய மொழியாகிய பிலிப்பினோ, தகாலோக் மொழியை அடிப்படையாகக் கொண்டது. பண்டைத் தகாலோக் மக்கள் தங்கள் தலைமைக் கடவுளைப் ‘பத்ஹாலா’ என்று அழைத்தனர். பிரான்சிஸ்கு சபைத் துறவி ஹுவான் டி பிளாசென்சியா 1589-இல் எழுதிய குறிப்பிலும் இப்பெயர் காணப்படுகிறது. ‘பட்டார’ என்னும் வடசொல்லே இதன் மூலம் என்பர். நம் பழங்கல்வெட்டுகளில் வரும் ‘பட்டாரகர்’ என்பதும் அக்குலத்துச் சொல்லே. 1593-இல் மணிலாவில் அச்சான ஞானோபதேச நூலோ, ‘டியோஸ்’ என்னும் ஸ்பானியச் சொல்லையே இறைவனுக்கு வழங்கிற்று. செபத்திலிருந்து மறைந்த பழைய பெயர், ‘பஹாலா நா’ என்னும் அன்றாடச் சொல்லில் ஒளிந்திருக்கிறது என்று பலர் கருதுவர். இதனை மறுப்போரும் உளர்.

விதியைக் குறிக்க அம்மொழியில் வழங்கும் சொல் ‘கபலாரான்’. ‘பலாட்’, அதாவது உள்ளங்கை, என்பதிலிருந்து பிறந்தது அது. நாம் தலையில் எழுதியிருப்பதாகச் சொல்வதை அவர்கள் கையில் வரைந்திருப்பதாகச் சொல்கின்றனர். இடம் வேறு, எண்ணம் ஒன்றே. கோவிலில் ஒரு நெறியும் வாழ்வில் மற்றொரு நெறியுமாக, இரண்டும் ஒன்றையொன்று சந்திக்காமலே வாழும் நிலையை, இயேசு சபைக் குருவும் உளவியல் அறிஞருமான ஹைமே புலாதாவ் 1966-இல் ‘இருதளக் கிறிஸ்தவம்’ என்று சுட்டினார். உதட்டில் தேவ பராமரிப்பும் உள்ளத்தில் தலைவிதியும் குடியிருக்கும் இல்லங்கள் அந்நாட்டில் மட்டுமா உள்ளன?

எனினும் அச்சொல்லை இழிவாக எண்ணிவிடலாகாது. நிச்சயமற்ற நிலையில் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு முன்னேறும் துணிவே அதில் அடங்கியுள்ளது என்று உளவியல் அறிஞர் அல்பிரெதோ லக்மாய் 1977-இல் விளக்கினார். மேலும், ‘பஹாலா’ என்னும் சொல்லுக்கே ‘பொறுப்பு’ என்னும் பொருளும் உண்டு. ‘அகோ ஆங் பஹாலா’ என்றால், ‘கவலைப்படாதே, நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று பொருள். கைவிடுவதற்கும் கைகொடுப்பதற்கும் ஒரே சொல்! எப்பொருளில் வழங்குகிறோம் என்பதிலேயே நம் விசுவாசத்தின் தரம் விளங்கும்.

2013 நவம்பர் 8-ஆம் நாள் வீசிய ஹையான் புயலில் 6,000-க்கும் மேற்பட்டோர் அந்நாட்டில் மாண்டனர். புயலால் கடல் பொங்கி ஊருக்குள் புகும் என்னும் எச்சரிக்கை முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. ஆனால் அதிலிருந்த ஆங்கிலச் சொல் தங்களுக்கு விளங்கவில்லை என்று உயிர் தப்பிய பலர் பின்னர் கூறினர். இச்சாவுகளை ‘விதி’ என்று சொல்லி முடித்துவிடலாமா? புயலைத் தடுக்க மனிதனால் இயலாது. எச்சரிக்கையை மக்களின் மொழியில் சொல்ல இயலுமன்றோ? ‘இரக்கம் இறைவனிடம், செயல் மனிதனிடம்’ என்பது அம்மக்களின் பழமொழியே.

2015 சனவரி 17-ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ், அப்புயலில் சிதைந்த தக்லோபான் நகரில், கொட்டும் மழையில், மக்களைப் போலவே மஞ்சள் மழையங்கி அணிந்து திருப்பலி நிறைவேற்றினார். எழுதி வைத்திருந்த மறையுரையை விலக்கிவிட்டு, தம்மிடம் வார்த்தைகள் இல்லை என்று கூறி, சிலுவையில் தொங்கும் ஆண்டவரையும் அவர் அருகே நின்ற அன்னையையும் காட்டினார். ‘விதி’ என்னும் சொல் துயருற்றோரைத் தனியே விட்டுவிடும். சிலுவையோ அவர்களுடன் நிற்கும்.

அன்பு வாசகர்களே! ஆலயத்தின் உச்சியிலிருந்து குதிக்குமாறு சோதிப்பவன் தூண்டியபோது நம் ஆண்டவர் மறுத்தார்; இறைவன் தாங்குவார் என்று வீணே குதிப்பது விசுவாசமன்று, இறைவனைச் சோதிப்பதே. கெத்சமனித் தோட்டத்திலோ தம்மை முழுவதும் தந்தையிடம் கையளித்தார். கையளித்தபின் எழுந்து, தம்மைப் பிடிக்க வந்தோரை எதிர்கொண்டார்.

பிள்ளையின் காய்ச்சல் தணியாதபோதும், கடன் சுமை கழுத்தை நெரிக்கும்போதும், ‘எல்லாம் தலையெழுத்து’ என்னும் சொல் நம் வீடுகளிலும் எழுவதுண்டு. அவ்வேளையில் முழங்காலில் நின்று, ‘ஆண்டவரே, உம் பொறுப்பு’ என்போம். பின் எழுந்து மருத்துவரை நாடுவோம். கணக்கை எடுத்துப் பார்ப்போம். அயலாரின் துணையைக் கேட்போம். துன்புறும் அயலானிடமோ, ‘உன் விதி’ என்று சொல்லாமல், ‘நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று சொல்வோம். அன்று அவன் நம் வாய்மொழியில் இறைவனின் குரலையே கேட்பான்.