மிதிவண்டிப் பயணம்: விபத்தைத் தவிர்ப்போம், அறிகுறிகளை அறிவோம்

நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ளவர்களில் உடல்நிலை இடம் தருவோருக்கு மிதமான மிதிவண்டிப் பயிற்சியை நாங்கள் பரிந்துரைக்கிறோம். பள்ளி மாணவர்களுக்கும் நாளிதழ் விநியோகிப்போருக்கும் இரவுக் காவலர்களுக்கும் அதுவே அன்றாட வாகனம். ஆனால் சென்னை போன்ற நெரிசல் மிகுந்த நகரில், மோதலின் முழு விசையையும் மிதிவண்டி ஓட்டுபவரின் உடலே தாங்க நேர்கிறது. இம்மோதல்களில் பல, முன்கூட்டியே அறியக்கூடிய சில சூழல்களில் நிகழ்பவை. எனவே அவற்றைத் தவிர்க்கவும் இயலும்.

கவனிக்க வேண்டிய சூழல்கள்

இடப்புறம் திரும்பும் பேருந்து, லாரி: இவற்றின் ஓட்டுநர் வலப்புறத்தில், உயரத்தில் அமர்ந்திருக்கிறார். இடப்பக்கத்தை ஒட்டி நிற்கும் மிதிவண்டி அவர் பார்வையில் படாமல் போகலாம். மேலும், நீண்ட வாகனம் திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் செல்லாமல், உட்புறமாக ஒதுங்கி வரும். ஆகவே, சந்திப்பில் நிற்கும் கனரக வாகனத்தின் இடப்பக்க இடைவெளியில் நுழையாதீர்கள். அதற்குப் பின்னால் நில்லுங்கள்.

திடீரெனத் திறக்கும் கார்க் கதவு: நிறுத்தப்பட்ட வாகனங்களைக் கடக்கும்போது ஏறத்தாழ ஒரு மீட்டர் இடைவெளி விடுங்கள். காரின் வலப்பக்கம் அமர்ந்திருப்பவர் இடக்கையால் கதவைத் திறந்தால், உடல் இயல்பாகவே திரும்பி, பின்னால் வருபவர் கண்ணில் படுவார்.

இருள்: முன்புறம் வெள்ளை விளக்கு, பின்புறம் சிவப்பு விளக்கும் பிரதிபலிப்பானும் இருக்கட்டும். வெளிர்நிற ஆடை பகலில் உதவும். இரவில் அது மட்டும் போதாது.

தனிமனிதர் கவனத்தோடு சாலை அமைப்பும் மாற வேண்டும். வாகனங்களின் சராசரி வேகம் 1 விழுக்காடு உயர்ந்தால், உயிரிழப்பை உண்டாக்கும் விபத்துக்கான வாய்ப்பு ஏறத்தாழ 4 விழுக்காடு உயர்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். மிதிவண்டிகளுக்குப் பெயர்பெற்ற ஆம்ஸ்டர்டாம் நகரமே 2023 டிசம்பரில் தன் பெரும்பாலான சாலைகளில் மணிக்கு 30 கிலோமீட்டர் என்ற வரம்பைக் கொண்டுவந்தது. இருசக்கர வாகனத்திலோ காரிலோ செல்லும் நாம் ஒவ்வொருவரும் பள்ளி, மருத்துவமனை, குடியிருப்புப் பகுதிகளில் வேகத்தைக் குறைப்பது அந்த மாற்றத்தின் தொடக்கம்.

தலைக்கவசம்

மிதிவண்டிக்குரிய தலைக்கவசம் தலைக்காயத்தின் கடுமையைக் குறைக்கும். அது புருவத்திற்கு மேல் இரண்டு விரல் அகலத்தில் சமமாக அமர வேண்டும். பட்டைக்கும் தாடைக்கும் இடையே ஒன்றிரண்டு விரல்களே நுழைய வேண்டும். ஒருமுறை பலமாக அடிபட்ட கவசத்தை மீண்டும் பயன்படுத்தலாகாது.

விழுந்த பின்

வெளிக்காயம் இல்லையென்பதால் உள்காயம் இல்லையென்று கொள்ளலாகாது. தலையில் அடிபட்ட பின் நினைவு தப்புதல், மீண்டும் மீண்டும் வாந்தி, அதிகரிக்கும் தலைவலி, குழப்பமான பேச்சு, எழுப்ப முடியாத உறக்கம், வலிப்பு, கை கால் பலவீனம், காது மூக்கிலிருந்து இரத்தமோ தெளிந்த நீரோ கசிதல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். இரத்தம் உறையாமைக்கான மருந்து உட்கொள்வோர், அறிகுறிக்குக் காத்திராமல் வர வேண்டும்.

பெற்றோர் கவனத்திற்கு ஒன்று. விழும்போது கைப்பிடியின் முனை குழந்தையின் வயிற்றில் குத்தினால், தோலில் சிறு தடமே தெரியலாம். ஆயினும் மண்ணீரல், கல்லீரல், கணையம், குடல் ஆகியவை காயமுற்றிருக்கக்கூடும்; வலி சில மணி நேரம் கழித்தும் தொடங்கலாம். எனவே கைப்பிடி குத்தியதை மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள்.

வலிப்பு நோய் உள்ளவர்களும், மயக்கம் தரும் மருந்து உட்கொள்வோரும், அறுவை சிகிச்சைக்குப் பின் தேறி வருவோரும் மருத்துவரிடம் கேட்ட பின்னரே மிதிவண்டி ஓட்ட வேண்டும்.

சாலையில் ஒருவர் வீழ்ந்திருக்கக் கண்டால் 108-ஐ அழையுங்கள். ஆபத்தான இடமாக இருந்தாலன்றி அவரை நகர்த்தாதீர்கள், கழுத்தை அசைக்காதீர்கள், இரத்தம் வழியும் இடத்தைத் தூய துணியால் அழுத்திப் பிடியுங்கள். நல்லெண்ணத்துடன் உதவுவோருக்கு 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் பாதுகாப்பு அளிக்கிறது. தமிழ்நாட்டில் விபத்துக்குள்ளானோர்க்கு முதல் 48 மணி நேரக் கட்டணமில்லா அவசர சிகிச்சை வழங்கும் அரசுத் திட்டம் 2021 முதல் நடைமுறையில் உள்ளது. வழக்குக்கோ செலவுக்கோ அஞ்சித் தயங்க வேண்டாம். காயமுற்றவருக்கு ஒவ்வொரு நிமிடமும் அரிது.